மூச்சு மட்டும் உன்னுடையது

கோத்தன்பர்க்,
நவம்பர், வெள்ளிக்கிழமை

அன்புள்ள இல்வா,

ஒருத்தியின் மூச்சு யாருக்குச் சொந்தம்? நேற்றிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன், எனக்கு விடை தெரியவில்லை. இங்கே நானும் அப்பாவும் சுகம், நியூசிலாந்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். உன் தம்பி கார் ஓட்டும் தேர்வில் மறுபடியும் தோற்றுவிட்டு ரவுண்டானா மேல் பழி போடுகிறான். மழை நிற்கவில்லை. நலம் விசாரித்தது போதும், நான் கோபமாக இருக்கிறேன், அதை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

புதன்கிழமை உங்கள் இசைக்குழுவை நடத்தும் மெல்கர் நம் வீட்டுக்கு வந்தான், கையில் இலவங்கப்பட்டை பன். உங்கள் குழுவின் ஆல்பம் ஒருவழியாக முடிந்துவிட்டதாம், சனிக்கிழமை கலாசார மன்றத்தில் எல்லோரும் கூடிக் கேட்கிறார்களாம், நான் கட்டாயம் வர வேண்டுமாம். உன் குரல் எப்படி வந்திருக்கிறது என்று சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் காபிக் கோப்பைக்குள் பார்த்தான். இல்வா போனப்புறம் மேடையில யாரு உறுமுறது, மேடையில நிக்கிறவன் குரல்தானே ஆல்பத்துலயும் இருக்கணும், அதனால புதுப் பாடகனை வெச்சு குரலை மட்டும் முழுசா திரும்பப் பதிவு செஞ்சோம், எல்லாரும் பேசி ஒத்துக்கிட்டோம் என்றான். எல்லாரும்னா யாரு என்றேன். வந்திருந்த எல்லாரும் என்றான். இந்த ஊரில் எந்த அநியாயமும் சத்தம் போடாமல், காபியோடு, எல்லோரும் ஒத்துக்கொண்டுதான் நடக்கிறது. நீ எழுதிய வரிகளையும் எடுத்துவிட்டுப் புது ஆளே வேறு எழுதிக்கொண்டானாம், பெர்னில்லா, ரொம்ப அழகா எழுதியிருக்கான் என்று என்னிடமே சொல்கிறான். ஆகவே இசைத்தட்டு உறையில் உன் பெயர் எங்கும் இல்லை. பன்னை அப்படியே திருப்பிக் கொடுத்தேன்.

உறுமி உறுமிப் பாடும் உங்கள் டெத் மெட்டல் இசை எனக்குப் பிடிக்காது, உனக்குத் தெரியும். ஒரே பாட்டுக்குள் தாளம் ஏன் இத்தனை முறை மாற வேண்டும் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் மூன்று குளிர்காலம் நீ கீழே குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் இயந்திரங்களை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் உறுமிப் பழகியதை நான் பார்த்திருக்கிறேன். இங்கே துணி துவைக்கத்தான் நேரம் பதிய வேண்டும், ஆடு அறுக்க அல்ல என்று யாரோ கதவில் சீட்டு ஒட்டினார்கள், நீ அதற்குக் கீழே ஆடு நன்றி சொல்லச் சொன்னது என்று எழுதிவைத்தாய். அந்த உழைப்பை ஒரு காபி நேரத்தில் துடைத்துவிட்டார்கள்.

இதோடு போயிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். நேற்று காருக்குக் குளிர்கால டயர் மாட்டப் போனேன், அந்தக் கடையில்தான் உங்கள் டிரம்ஸ்காரன் தூரே வேலை செய்கிறான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து, ஒரு விஷயம் கேளுங்க என்று என் காதில் ஹெட்ஃபோனை மாட்டினான். ஆல்பத்திலுள்ள அந்தப் பதினேழு நிமிடப் பாட்டு. நடுவில் எல்லாம் ஓய்ந்து நிசப்தம், பிறகு ஒரு மூச்சை உள்ளே இழுக்கும் ஓசை, உடனே டிரம்ஸ் இடிபோல விழுகிறது. அந்த மூச்சில் சன்னமாக ஒரு விசில். ஏழு வயதில் பனியில் சறுக்கி மூக்கை உடைத்துக்கொண்டாயே, அந்த விசில். மற்றப் பாட்டையெல்லாம் காதில் டிக் டிக் என்று தாளம் ஓடவிட்டு வாசித்தார்களாம், இது ஒன்றை மட்டும் அது இல்லாமல் உன் மூச்சைக் கேட்டே வாசித்தார்களாம். புது ஆளு மூச்சு வேற இடத்துல விழுது, நானும் வாசிச்சு வாசிச்சுப் பாத்தேன், உடம்பு கேக்கல, அதனால இல்வா மூச்சை மட்டும் விட்டுட்டு அது மேல அவன் குரலை ஒட்டிட்டாங்க என்றான். நீ ஏண்டா வாயைத் திறக்கல என்றேன். நான் டிரம்ஸ் அடிக்கிறவன், என்னை யாரு கேட்டா என்றான்.

உன் மீதும் எனக்குக் கோபம்தான். உன் குரலை நீக்குகிறோம் என்று அவர்கள் எழுதியதற்கு நீ அனுப்பிய பதிலை அன்றே மெல்கர் காட்டினான். பரவாயில்லை என்று ஒரு சொல், பக்கத்தில் சிரிக்கும் முகம். எது பரவாயில்லை? மூச்சை வைத்துக்கொண்டு பெயரை நீக்குகிறோம் என்று உன்னிடம் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். அப்பா, விடு, சின்னப் பசங்க சண்டை, அவங்களே பாத்துக்குவாங்க என்கிறார். சண்டை போடத்தான் ஆள் இல்லையே, நீ பூமியின் மறுபக்கத்தில் எரிமலையை அளந்துகொண்டிருக்கிறாய். நாளை நான் போவேன். ஆல்பம் ஓடி முடிந்து கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்து கேட்பேன். எங்கள் குடியிருப்புக் கூட்டத்தில்கூட வாய் திறக்காதவள் நான், நாளை திறப்பேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் மலை ஏறாதே. தம்பியின் பிறந்தநாளுக்குக் கூப்பிட மறக்காதே. உன்னுடையதை உன்னுடையது என்று சொல்லும் துணிவோடு நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

கோபம் தணியாத
உன் அம்மா,
பெர்னில்லா

சனிக்கிழமை மாலை. இன்னும் தபாலில் போடவில்லை, அதனால் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். ஆல்பத்தை ஓடவிடும் முன் அந்த நீளப் பாட்டை மேடையில் வாசித்தார்கள். நடுவில் நிசப்தம் வந்தது. புதுப் பாடகன் மூச்சை இழுத்தான், தூரே தொடங்கவில்லை. மறுபடி இழுத்தான், தூரே குச்சிகளை முழங்காலில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கூட்டம் அதையும் பாட்டு என்றே நினைத்தது, தாடிக்காரர்கள் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தார்கள், எனக்குப் பின்னால் ஒருவன் என்ன தைரியமான மௌனம்டா என்று முணுமுணுத்தான், இரண்டு பேர் கை தட்டினார்கள். மெல்கர் திரும்பி, என்னடா என்றான். தூரே மைக்கில் சொன்னான், இல்வா மூச்சு இழுத்தாதானே நான் ஆரம்பிக்கணும், ஆல்பத்துல அப்படித்தானே இருக்கு. யார் இல்வா என்று முன்வரிசையில் ஒரு பெண் கேட்டாள். நான் எழ வேண்டிய தேவையே வரவில்லை, இல்வா யார், அவள் மூச்சு ஆல்பத்தில் எப்படி வந்தது என்று மெல்கரே சொல்ல வேண்டியதாயிற்று, காது சிவக்கச் சொன்னான். பாட்டு அதோடு நின்றுபோனது. பிறகு மெல்கர் விற்பனை மேசைக்குப் போய், அடுக்கியிருந்த இசைத்தட்டு உறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, பேனாவால் உன் பெயரை எழுதத் தொடங்கினான். பெரிய அடுக்கு. நான் எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவன் முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். உதவவில்லை.