மாமாவுக்கு நாக்கு மீன்

ஞாயிறு, இரவு.

பக்கவாதம் வந்ததிலிருந்து மாமனாருக்குக் கஞ்சி மட்டும்தான். இனி மெத்தென்று ஏதாவது கொடுக்கலாம் என்றார் டாக்டர். கடலூரிலிருந்து வரும் மீன்காரம்மா, "நாக்கு மீன் எடுத்துக்கினு போம்மா. நடுமுள்ள எடுத்துட்டா வெறும் சதைதான், வெண்ணெ மாதிரி இருக்கும்" என்றாள்.

தோல் உரித்து வேகவைத்தேன். விரலால் தடவித் தடவி முள் பார்த்துத்தான் ஊட்டினேன். அப்படியும் புரையேறி முகம் நீலம் பாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் ஷிஃப்டில் இருந்தார், போனை எடுக்கவில்லை. மாமாவை முன்னால் சாய்த்து, முதுகில் தட்டிக்கொண்டே அழுதேன். கடைசியில் இருமித் துப்பினார்.

மூச்சு வந்ததும் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம்மா" என்றார் குழறலாக.

கொடுக்கவில்லை. கஞ்சியைக் கரைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டார்.

மீதி மீன் ஃபிரிட்ஜில் இருக்கிறது. நாளைக்கும் கேட்பார். ஊட்ட என் கை வருமா, தெரியவில்லை.