பட்டியலில் முதல் பெயர்

இன்று காலை பஸ்ஸில் சில்லறை தேடிக் கைப்பைக்குள் துழாவியபோது உன் பீங்கான் கிளி தட்டுப்பட்டது. விரல் மடங்காத பிள்ளைகளுக்குப் பொருளைப் பிடித்துப் பழக்க நீ வைத்திருந்த, வாலுடைந்த கிளி. இன்றைக்குத்தான் கம்பெனியில் ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாள்.

பள்ளிகளில் மாற்றுத்திறன் பிள்ளைகளுக்குச் சிறப்புப் பயிற்சி கொடுப்பது நாம், சம்பளம் தருவது கம்பெனி. ஒவ்வொருவராக அறைக்குள் கூப்பிடுவார்கள். காகிதத்தில் சம்பளக் கட்டம் காலியாக இருக்கும். கையெழுத்து வாங்கியதும் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள், அடுத்தவரோடு பேசிவிடக் கூடாதே.

போன வருடம் வரிசையில் நீ முதல், நான் அடுத்து. வேப்பூருக்கும் ஸ்ரீமுஷ்ணத்துக்கும் போய்வரும் பஸ் காசைத் தனியாகக் கேட்பது, தராவிட்டால் கையெழுத்துப் போடுவதில்லை என்று பேசி வைத்திருந்தோம். "பயமா இருந்தா இந்தக் கிளிய புடிச்சுக்க. பேனாவ மட்டும் புடிச்சுடாத" என்று என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாய்.

மேலாளர் என்னிடம், "அவங்களே ஒத்துக்கிட்டாங்க, உங்களுக்கு என்னம்மா?" என்றார். நம்பினேன். நம்புவது எனக்கு வசதியாக இருந்தது. கையெழுத்துப் போட்டேன். நீ போடவில்லை என்பது பஸ் ஸ்டாண்டில்தான் தெரிந்தது. உன் பள்ளிகளில் பாதியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "வுடு, உனக்கும் புள்ளைங்க இருக்குது" என்றாய். நீ திட்டியிருக்கலாம். ஐப்பசியில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று. அதுவரை மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இன்று என் பெயர் முதலில். காகிதத்தைத் தள்ளிய மேலாளர் பழக்கத்தில் சொன்னார்: "முன்னாடி வந்தவங்கல்லாம் ஒத்துக்கிட்டாங்கம்மா."

"இன்னைக்கு நாந்தான் சார் மொத ஆளு. எனக்கு முன்னாடி வர்றவ செத்துட்டா."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "பஸ் காச எழுதுங்க, போடுறேன்" என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிப் பின்வாசலைக் காட்டினார். நான் முன்வாசல் வழியாகவே வந்தேன். காத்திருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி, "நான் கையெழுத்துப் போடல" என்றேன்.

திங்கட்கிழமை எனக்குப் பள்ளி இருக்குமா, தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. இதை எழுதும்போதும் இடது கை உன் கிளியை விடவில்லை.