பத்தொன்பது ஆம்பியர்

அப்பா,

இன்று சேலத்தில் ஒரு புது வீட்டில் மின் அடுப்பை முதன்முதலாகப் போட்டுப் பார்த்தோம். தட்டு சூடானதும் மேலே பூசியிருந்த எண்ணெய் கருகி ஒரு வாடை வந்தது. வீட்டுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மீட்டரைப் பார்ப்பதுபோல் வெளியே வந்துவிட்டேன். நம் வீட்டு அடுப்பிலிருந்து இந்த வாடை ஒரு நாளும் வரவில்லை.

வெளிநாட்டிலிருந்து திரும்பிய குடும்பம் ஒன்று ஈரோட்டில் வீடு மாற்றியபோது சாமான்களை லாரியில் ஏற்றிப்போனது நீங்கள்தான். புதுச் சமையலறைக்குள் நுழையவில்லை என்று அந்த அடுப்பை உங்களிடமே விட்டுவிட்டார்கள். மேலே நான்கு தட்டு, கீழே ஒரு கோழியை முழுசாக வைக்கிற ஓவன். திருச்செங்கோட்டில் அதை இறக்கியபோது தெருவே வேடிக்கை பார்த்தது. நீங்கள் ஸ்டீயரிங்கை விட்ட வருஷம் அது. முப்பது வருஷம் ரோட்டோரத்தில் கல்லைக் கூட்டி உங்களோடு சமைத்துத் தின்ற டிரைவர்களை ஒரு நாள் வீட்டில் உட்காரவைத்து, உங்கள் கையால் கறி ஆக்கிப் போட வேண்டும். அதைத் தவிர உங்களுக்கு வேறு ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

"ஒயர்மேன் எதுக்குங்க? எம் பொண்ணு கரண்டுக்குத்தான படிச்சிருக்குது," என்று எல்லோரிடமும் சொன்னீர்கள்.

நம் வீட்டில் காலேஜுக்குப் போனவள் நான் ஒருத்திதான். தப்புச் செய்தால் திருத்த ஆளில்லை என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அடுப்பின் பின்பக்கத் தகட்டில் இருந்த வாட் எல்லாவற்றையும் கூட்டினேன். ஒன்பதாயிரத்து இருநூறு. இருநூற்று முப்பதால் வகுத்தால் நாற்பது ஆம்பியர். நம் வீட்டு லைன் முப்பத்திரண்டுக்கு மேல் தாங்காது.

"ஆகாதுங்கப்பா. லோடு ஏத்திக் குடுக்கச் சொல்லி எழுதிக் குடுக்கோணும். அதுவரைக்கும் தொடாதீங்க."

"ஏஞ்சாமி, எனக்கென்ன நாலு கையா இருக்குது? சோத்த எறக்குனாத்தான் ரசம். எவன் எல்லாத்தையும் ஒண்ணா முறுக்கி உடுவான்?"

"ஒரு நாளைக்கு முறுக்கீட்டா?"

நீங்கள் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

கரண்டு ஆபீசுக்குப் போனேன். ஜன்னலோரம் ஆம்பளைகள் கூட்டமாக நின்றார்கள். வேப்பமரத்தடியில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு, யாரிடமும் எதுவும் கேட்காமல் திரும்பி வந்து, "அங்க ஆளே இல்லைங்கப்பா," என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். அதற்கடுத்த மாதம்தான் விண்ணப்பத்தை நீட்ட எனக்குத் தைரியம் வந்தது.

இடையில் உங்களோடு ஓட்டிய டிரைவர் மாமா வந்து கேலி செய்தார். "ஏனுங்க மாப்ள, அடுப்பு எப்பத்தானுங்க பத்தும்? எங்களுக்குப் பல்லெல்லாம் கொட்டுனதுக்கப்புறம் கூப்புடுவீங்களாட்ட இருக்குது."

"எம் பொண்ணு சொல்லட்டும். அது கணக்குப் போட்டா தப்பாது," என்றீர்கள். புரட்டாசி பிறக்கப்போகிறது, இனிக் கறி ஆக்க முடியாது, மாதம் முடிந்து முதல் ஞாயிறு எல்லோரும் வந்துவிடுங்கள் என்று நாளும் சொல்லி அனுப்பினீர்கள்.

புரட்டாசி பாதியில், ஆபீசிலிருந்து பதில் வருமுன்பே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. அன்றைக்குத்தான் அந்த டிரைவர்கள் எல்லோரும் சேர்ந்து நம் வீட்டுக்கு வந்தார்கள். சாவு வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று பக்கத்து வீட்டில் காபி போட்டுக் கொடுத்தார்கள். பந்தலுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து, யார் முகத்தையும் பார்க்காமல் குடித்தார்கள்.

பிறகு வீடுகளுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். ஆறு மாதம் கழித்து, நான் தயாரித்த ஒரு வீட்டுக் கணக்கை மேலே இருந்த எஞ்சினியர் அக்கா திருப்பி அனுப்பினார். "என்னம்மா, அடுப்புக்கு முழு லோடையும் போட்டு வெச்சிருக்க? முதல் பத்து ஆம்பியரை முழுசா எடு. மிச்சத்துல முப்பது பர்சென்ட் போதும். வீட்டுல எந்தப் பொம்பளை எல்லாத்தையும் ஒரே நேரத்துல எரிக்கறா?"

பத்து. மிச்சம் முப்பதில் ஒன்பது. பத்தொன்பது ஆம்பியர், அப்பா. தனியாக ஒரு தடித்த ஒயர் இழுத்திருந்தால் அன்றைக்கே நம் லைன் தாங்கியிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில் எரியாது என்ற இந்தக் கணக்கை டைவர்சிட்டி என்ற பெயரில் பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதியிருக்கிறேன். ஊருக்கும் டிரான்ஸ்பார்மருக்கும் உள்ள விஷயம் என்று நினைத்தேனே தவிர, நம் அடுப்புக்கும் அதுதான் என்று தோன்றவில்லை. படிக்காத நீங்கள் நாலு கையா என்று கேட்டது அதே கணக்குத்தான். படித்தவள் என்பதற்காக என் பேச்சைக் கேட்டீர்கள்.

போன வாரம் அம்மாவிடம், "அடுப்புக்கு கனெக்சன் குடுத்துரலாங்களாம்மா? அரை நாள் வேலைதான்," என்றேன். அதன்மேல் குவிந்திருந்த துணிகளை மடித்துக்கொண்டே, "வேண்டாங்கண்ணு. நம்ம ரெண்டு பேருக்கு எத்தன அடுப்பு வேணும்?" என்றாள்.

அந்தக் கணக்கை அவளிடம் சொல்லவில்லை. மரத்தடியில் நின்றுவிட்டு வந்ததையும் சொல்லவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் அம்மா இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்: "எம் பொண்ணு எத்தன நட நடந்துச்சு. ஆபீஸ்காரங்கதான் ஆளே இல்லாம இழுத்தடிச்சுப் போட்டாங்க. அவரு ஆசை நெறவேறாமயே போயிருச்சு."

நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன், அப்பா.