பதிவுப் புத்தகத்தில் உன் கையெழுத்து

கொழிஞ்சாம்பாறை
14.11.1976

அன்பு மகன் அர்த்தநாரிக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்குச் சௌக்கியம், மனசுக்கு இல்லை. பம்பாயில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க மாசாணியம்மனை வேண்டிக்கொள்கிறேன். செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. தென்னைக்கு நடுவே ஜாதிக்காய் வைத்துப் பார்க்கலாம் என்று போன புதன்கிழமை நாற்று வாங்க மலைக்குப் போனேன், நீ முன்பு வேலை பார்த்த எஸ்டேட்டுக்குப் பக்கத்தில் பாதிரிமார் மடத்துத் தோட்டம் இருக்கிறதே, அங்கே. மடம் போய் இப்போது சர்க்கார் கையில் இருக்கிறது. பாதிரிமார் கடல் தாண்டிக் கொண்டுவந்து வைத்த மரமெல்லாம் அண்ணாந்து பார்க்கும் உயரம், ஒவ்வொன்றுக்கும் தகரத்தில் பெயர். மடத்து நாள் வழக்கப்படி இன்றைக்கும் வருகிறவர்கள் வாசலில் உள்ள பதிவுப் புத்தகத்தில் பெயரெழுத வேண்டுமாம். என் மகனும் வந்திருப்பானே என்று பெருமையாகப் பழைய பக்கங்களைப் புரட்டினேன். உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எழுபத்துநாலு ஆகஸ்டில் ‘அர்த்தநாரியும் மனைவியும்’ என்று எழுதியிருக்கிறாய். திரும்பத் திரும்பப் படித்தேன். இது என் மகன் எழுத்து என்றதும் காவலாளி சூசையப்பன் சிரித்துக்கொண்டே, உங்க மருமக நாத்துப் பாத்தியிலதான் நிக்கிது, கூப்பிடவா என்கிறார். அங்கே ஒரு மரத்தடியில் நீ மஞ்சள் கயிறு கட்டியதற்கு அவர்தான் சாட்சியாம்.

சிசிலி கை மண்ணைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். கழுத்துக் கயிறு வெளுத்துப் போயிருக்கிறது. பத்து மாசமாக உன்னிடமிருந்து கடுதாசி இல்லையாம். ஏசவில்லை, அழவில்லை, மாமா, அவுகளுக்கு அந்த வயித்துவலி தேவலையா என்று மட்டும் கேட்டாள். உனக்கு வயிற்றுவலி என்பதே எனக்குத் தெரியாதடா. குப்பண்ணன் மகளைத் தைக்குள் பேசி முடியுங்கள் என்று போன மாசம் எழுதினாயே, எப்படியடா மனசு வந்தது? வேற்று மதம், யாரோ எவரோ என்று என் வயிறும் எரியத்தான் செய்கிறது, மறைக்கவில்லை. உன் அம்மா இரண்டு நாளாகச் சோறு தொடவில்லை, இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுங்க வேலந்தாவளம் சந்தைப் பக்கம் போறது என்று என்னைப் பிடுங்குகிறாள். ஆனாலும் நேற்றுக் காலையில் குப்பண்ணன் வீட்டுக்குப் போய், பையனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதுங்க என்று சொல்லிவிட்டேன். தண்ணீர் கொண்டுவந்த மனைவியை அவர் உள்ளே போகச் சொல்லிவிட்டார். சொம்பு திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே எழுந்து வந்தேன். சிசிலி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்த இரண்டு நாற்றையும் வாய்க்காலோரம் வைத்திருக்கிறேன், உன் அம்மா திட்டிக்கொண்டே தண்ணீர் ஊற்றுகிறாள்.

கண்ட எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்னாதே, மோர் குடி, வயிற்றுவலிக்கு டாக்டரைப் பார். ஆத்தா உனக்கு நீண்ட ஆயுளும் கொஞ்சம் நல்ல புத்தியும் கொடுக்கட்டும். எனக்குப் பதில் எழுத வேண்டாம். அவளுக்கு எழுது.

உன் அப்பா
சென்னியப்பன்