மேல்தளத்தில் காட்டிய மஞ்சள் கொடி

கப்பலிலிருந்து,
வியாழன் பிற்பகல்.

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அம்மாவுக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நாங்கள் நால்வரும் சுகம். நீயும் உன் விடைத்தாள் கட்டுகளும் சுகமென்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் பேசும்போது மகள் பக்கத்திலேயே இருக்கிறாள். நாளைக் காலை கப்பல் ஒரு துறைமுகத்தில் நிற்கும். அங்கே தபாலில் சேர்த்தால், நாங்கள் வந்து இறங்குவதற்குள் உனக்குக் கிடைத்துவிடும்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. மாப்பிள்ளை மூன்று வேளையும் ஒரு கை பார்க்கிறார். அறை நம் சமையலறை அளவுதான் இருக்கும். பேத்திக்கு முதல் இரண்டு நாள் வாந்தி, இப்போது என்னைவிட நேராக நடக்கிறாள்.

கப்பலின் உச்சித் தளத்தில் கோ-கார்ட் ஓட்டும் பாதை ஒன்று வைத்திருக்கிறார்கள். பத்து வளைவு. முழங்கால் உயரத்தில் ஒரு குட்டி வண்டி, பேட்டரியில் ஓடுவது. சத்தமே வராது என்பதால் தலைக்குப் பின்னால் ஸ்பீக்கர் வைத்து இன்ஜின் உறுமலைப் போடுகிறார்கள். கொடியும் கையுமாக நின்று பந்தயத்தைப் பார்த்துக்கொள்வது ஒரு பெண். நம் மகளைவிட இரண்டு மூன்று வயது மூத்தவளாக இருக்கலாம். மஞ்சள் கொடி என்றால் முன்னால் தடை, மெதுவாகப் போ. சிவப்பு என்றால் நில். முப்பத்தோரு வருடம் லைசென்ஸ் தேர்வு நடத்தியவனுக்கு அவள் பாடம் எடுத்தாள். நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டேன். பேத்திக்கு இரண்டு விரற்கடை உயரம் போதவில்லை. கம்பியோரம் நின்று அழுதாள்.

செவ்வாய்க்கிழமை காற்று அடங்கியதும் நான், மாப்பிள்ளை, உன் மகள் மூவரும் ஏறினோம். எட்டுச் சுற்று. நான்காவது சுற்றில் உன் மகளின் வண்டி ஓர் இடப்பக்க வளைவில் சுழன்று பாதைக்குக் குறுக்கே நின்றுவிட்டது. பின்னால் வந்த நான் அதன்மேல் மோதினேன். அவளுக்கு மணிக்கட்டு வீங்கியிருக்கிறது, எலும்பில் ஒன்றுமில்லை. போனில் அவள் இதை உன்னிடம் சொல்லாதது நான் கேட்டுக்கொண்டதால்தான்.

இறங்கியதும் அந்தக் கொடிக்காரப் பெண்ணிடம் சத்தம் போட்டேன். கொடி காட்டாமல் என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டேன். என் தேர்வுக்கு வந்தவர்களிடம் பேசுவேனே, அதே குரலில். அவள் என்னை மட்டும் கூப்பிட்டுப்போய்க் கேமராப் பதிவைக் காட்டினாள். வளைவின் வலப்பக்கம் நின்று மஞ்சள் கொடியை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். மாப்பிள்ளை வேகத்தைக் குறைக்கிறார். நான் அந்தக் கொடியை உரசாத குறையாகப் போகிறேன், தலையைக்கூடத் திருப்பவில்லை. அவள் பட்டனை அழுத்தி எல்லா வண்டிகளின் வேகத்தையும் இறக்கியிருக்கிறாள். இல்லையென்றால் மணிக்கட்டோடு போயிருக்காது.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. வலது கண்ணைக் கடைசியா எப்ப டாக்டர்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டாள். வலப்பக்க வளைவுக்கெல்லாம் நான் கோழி மாதிரி முழுத் தலையையும் திருப்புவதை முதல் சுற்றிலேயே கவனித்தாளாம். அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும், தன்மேலும் தப்பு இருக்கிறது என்றாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தேன்.

எட்டு மாதமாக அந்தக் கண்ணில் புகை படிந்தாற்போல் இருக்கிறது. முதலில் கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பிறகு துடைப்பதையும் விட்டுவிட்டேன். நம் கேட் தூணை இடித்தது பால் வேன்காரர் இல்லை, நான்தான். வங்கி வாசலில் சைக்கிளோடு விழுந்தவர் மணி அடிக்காமல் வந்தார் என்று உன்னிடம் சொன்னேன். அடித்தாரோ என்னவோ, எனக்கு அவர் வந்ததே தெரியாது. அதைச் சொன்னபோது நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். இப்படிக் கண் தெரியாத ஒருவர் என்னிடம் தேர்வுக்கு வந்திருந்தால் வண்டியில் ஏறவே விட்டிருக்க மாட்டேன்.

கண் விஷயம் உன் மகளுக்குத் தெரியாது; மோதியதை அவள் பெரிதுபடுத்தவில்லை. "அப்பா என்னை இடிச்சே ஃபெயிலாக்கிட்டார்" என்று சாப்பாட்டு மேசையில் எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறாள். நேற்றுக் காலை காபி குடிக்கும்போது, அடுத்த மாதத்திலிருந்து பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் தாத்தா வேலை என்று அவளும் மாப்பிள்ளையும் முடிவு செய்தார்கள். "உங்களைவிடப் பத்திரமா யாருப்பா ஓட்டுவாங்க" என்றாள். நான் உம் கொட்டினேன். அதற்குப் பிறகு இரண்டு முறை சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அதனால்தான் முதலில் உனக்கு எழுதுகிறேன்.

கண் டாக்டரிடம் நேரம் வாங்கி வை. மகளிடம் நீ சொல்ல வேண்டாம், நானே சொல்கிறேன். சொல்லும்போது நீ பக்கத்தில் இரு, போதும். பால் வேன்காரரையும் நான்தான் போய்ப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. நாங்கள் வந்து இறங்கும் அன்று வாடகைக் கார் சொல்லாதே. நீயே வண்டியை எடுத்து வா. முதல் தடவையிலேயே தேறி லைசென்ஸ் வாங்கியவள் நீ. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தபோதெல்லாம் கிளட்ச், பிரேக், கண்ணாடியைப் பார் என்று நான் பக்கத்திலிருந்து வாயாலேயே ஓட்டி, உன்னை அந்த இருக்கையிலிருந்து எழுப்பிவிட்டேன். பதினேழு வருடம் ஆகிறது. இடையில் இருக்கும் நாட்களில் பள்ளி மைதானத்தில் சுற்றிப் பழகிக்கொள். என் சாவி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. இனி அது உன் பையிலேயே இருக்கட்டும்.

வீடு வரும்வரை நான் வாய் திறக்க மாட்டேன். திறந்தால், வண்டியை ஓரம் கட்டி என்னை இறக்கி விட்டுவிட்டுப் போ.

இப்படிக்கு,
உன் பக்கத்து இருக்கையில் உட்காரப் போகிறவன்.