கட்டில் காலில் கட்டிய சேலை

என் செல்ல அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னிடம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் கேட்டிருந்தால், போடி பெரிய மனுஷி என்று சிரித்திருப்பாய்.

எனக்கு மூன்று வயது இருக்கும்போது, ராஜபாளையம் மில்லில் ராத்திரி ஷிப்ட் முடித்து ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்கு விடியக்காலையில் வருவாய். பழைய சேலையை என் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்துவிட்டுத் தூங்குவாய். அப்பா இல்லை, பார்த்துக்கொள்ள வேறு ஆளும் இல்லை. அதை நான் கடைசிவரை சொல்லிக் காட்டினேன். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, "நாயக்கூட இப்படிக் கட்டமாட்டாகம்மா" என்றேன். நீ சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாய். என்ன வாய் எனக்கு!

இப்போது என் சங்கதியைக் கேள். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. உன் மருமகன் பட்டாளத்தில். லீவு எப்போது என்று அவருக்கே தெரியாது. பாப்பாவுக்கு இரண்டரை வயது, கால் ஓரிடத்தில் நிற்பதில்லை. நான் சேர்ந்தாற்போல் இரண்டு மணி நேரம் தூங்கி எத்தனை நாளாயிற்றோ. ராஜபாளையத்தில் இந்த வீட்டு வாசலைத் தாண்ட முடியவில்லை, அம்மா. உன்னை நினைத்து அழக்கூட நேரமில்லை.

போன வாரம் குழாயில் தண்ணீர் வந்தது. தரைத்தொட்டியின் மூடியைத் திறந்து, ரப்பர் ஓஸைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தேன். கண் திறந்துதான் இருந்தது, எதையும் பார்க்கவில்லை. பாப்பா தொட்டிக்குள் பாதி உடம்பைச் சாய்த்துத் தண்ணீரை அளைந்துகொண்டிருந்தாள். அடுத்த வீட்டு அக்கா ஓடிவந்து சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"ஏட்டி, எதிர்லதான இருக்க? ஒனக்கு என்னட்டி ஆச்சு?" என்றார்.

நான் பாப்பாவை ஓங்கி அறைந்தேன். தப்பு என்னுடையது, அடி அவளுக்கு.

மறுநாள் மத்தியானம் உன் பழைய சேலை ஒன்றை எடுத்தேன். அவளைக் கட்டிவிட்டு அரை மணி நேரம் தூங்கினேன். என் கையில் அவளுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்ற பயம். நீயும் இந்தப் பயத்தில்தான் கட்டினாயா? ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை?

உன் மருமகன் தினமும் சாயங்காலம் போன் செய்து எல்லாரும் நல்லாருக்கீகளா என்பார். நல்லாருக்கோம் என்பேன். எல்லையில் நிற்கிற மனுஷனிடம் வேறென்ன சொல்ல?

இன்று மத்தியானம் சோறு ஊட்டும்போது எனக்குக் கண் சொருகியது. பாப்பா எழுந்துபோய் அந்தச் சேலையை இழுத்துக்கொண்டு வந்தாள். கட்டில் காலுக்குப் பக்கத்தில் நின்று, சட்டையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"கட்டும்மா. நீ தூங்கு."

அம்மா, நானும் உன் முன்னால் அப்படி நின்றிருக்கிறேனா?

உன்மேல் சத்தியம். இன்று அவர் கூப்பிடும்போது நல்லாருக்கோம் என்று சொல்லமாட்டேன். என்னால் முடியவில்லை, பாப்பாவுக்கு என்னாலேயே ஏதாவது ஆகிவிடும் என்று பயமாக இருக்கிறது என்பேன். அடுத்த வீட்டு அக்காவிடமும் போய் இதையே சொல்வேன். அக்காவாவது எனக்கு என்ன ஆச்சு என்று கேட்டார்.

இப்படிக்கு,
நீ தூங்கினாயா என்று ஒருநாளும் கேட்காத
உன் மகள்