நாலாவதாக வந்த குதிரை

சனி, ஐப்பசி 12

என் கூட்டாளி ரவி சொன்ன குதிரை இன்று வென்றுவிட்டது. போன மாதம் அது நாலாவதாகத்தான் வந்தது. பந்தயம் கட்டும் புக்கிக் கடையில் எல்லாரும் வென்ற குதிரையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, ரவி மட்டும் ரேஸ் பேப்பரில் அதைத் தொட்டுக் காட்டினான். "முன்னுக்கு ஓடினதுகள் இதை மறிச்சுப்போட்டுதுகள். வழி கிடைச்சிருந்தா வெண்டிருக்கும். அடுத்த முறை இதுக்குக் கட்டு."

செவ்வாய்க்கிழமை சுற்றிவளைப்பில் அவனை ஆமி பிடித்துக்கொண்டுபோய்விட்டது. இன்று நான் தனியே போய் இருவருக்குமாகக் கட்டினேன். வென்றபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவன் பங்கைக் கொடுக்கப் பாலையூற்றில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி வாசலிலேயே நின்றாள்.

"ஆமிக் காம்புக்குப் போனனான் அண்ணை. அவரைக் காட்டேல்லை. அடுத்த முறை வரட்டாம்."

ஓம் என்றேன். குதிரை வென்றதைச் சொல்லாமலே திரும்பிவிட்டேன். அவன் பங்கு இன்னும் என் சட்டைப்பையில்தான் கிடக்கிறது.